மாலிக் அல்-ஷபாஸ்: சிறைக்கூடத்திலிருந்து கஅபாவின் நிழலுக்கு

புகழனைத்தும் ஏக இறைவனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாவதாக.



இதுபோன்ற மலர்களில் இமாம்கள், இறைநேசர்கள், மார்க்க மேதைகள் ஆகியோரின் வரலாறுகளை எழுதுவது வழக்கம். இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்டவர் எந்த மதரஸாவிலும் ஓதியவர் அல்லர். முப்பத்தொன்பது ஆண்டுகளே இவ்வுலகில் வாழ்ந்தார். திருத்தமான ஈமானுடன் அவர் வாழ்ந்த காலமோ ஓராண்டுகூட நிறைவுபெறவில்லை. ஆயினும் அமெரிக்கக் கண்டத்தில் இஸ்லாத்தைப் பற்றிப் பேசும் எவரும் அவரது பெயரைத் தவிர்த்துவிட்டுப் பேச முடிவதில்லை. உலகம் அவரை மால்கம் எக்ஸ் என்று அழைக்கிறது. அவரது கப்ரின் மீதுள்ள பெயரோ அல்-ஹாஜ் மாலிக் அல்-ஷபாஸ் என்பதாகும்.

அவரது வாழ்வில் நமக்குப் பல படிப்பினைகள் உள்ளன. தவறு என்று அறிந்தபின் அதிலிருந்து விலகும் துணிவு அவற்றுள் ஒன்று. வழிதேடி வந்த ஒருவரை முஸ்லிம் சமுதாயம் எப்படி ஏற்றுக்கொண்டது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் மனதிற்கொண்டு இக்கட்டுரையைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பிறப்பும் இளமையும்

1925-ஆம் ஆண்டு மே மாதம் 19-ஆம் நாள் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைச் சேர்ந்த ஒமாஹா நகரில் மால்கம் லிட்டில் பிறந்தார். தந்தையார் ஏர்ல் லிட்டில் ஒரு கிறிஸ்தவப் போதகர். தாயார் லூயிஸ் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவில் பிறந்தவர். கறுப்பின மக்கள் தம் மூதாதையரின் ஆப்பிரிக்காவை எண்ணிப் பெருமைகொண்டு சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று போதித்த மார்க்கஸ் கார்வியின் இயக்கத்தில் இருவரும் உழைத்தார்கள்.

அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு அறுபது ஆண்டுகள் கடந்திருந்த காலம் அது. ஆனால் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பர்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம், தனிக் குடிநீர்க் குழாய், பேருந்தில் பின் இருக்கை என்பது சட்டமாகவே இருந்தது. வடமாநிலங்களில் சட்டம் வேறாயினும் நடைமுறை பெரிதாக மாறிவிடவில்லை. இத்தகைய நாட்டில் தலைநிமிர்ந்து பேசிய குடும்பம் நிம்மதியாக வாழ இயலவில்லை. மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரருகே குடியேறிய அக்குடும்பத்தின் வீடு 1929-இல் தீக்கிரையானது. 1931-இல் தந்தையார் டிராம் வண்டிச் சக்கரத்தில் சிக்கி மாண்டார். அதிகாரிகள் அதை விபத்து என்று பதிவு செய்தனர். நிறவெறியர்களே அவரைக் கொன்றார்கள் என்று குடும்பத்தார் நம்பினர்.

அதன்பின் அந்த இல்லத்தை வறுமை சூழ்ந்தது. தாயார் தனியாளாக நின்று பிள்ளைகளைக் காக்கப் போராடினார். அவ்வேளையிலும் பன்றி இறைச்சியைத் தம் இல்லத்தில் அனுமதிக்க அவர் உடன்படவில்லை. அண்டையில் வசித்த ஒருவர் இலவசமாகத் தர முன்வந்தபோதும் மறுத்துவிட்டார். பசித்திருக்கும் பிள்ளைகளுக்குக் கிடைத்ததை வேண்டாம் என்பவள் அறிவு தெளிந்தவளா என்று உதவித்தொகை அதிகாரிகள் பேசத் தொடங்கினார்கள். துயரம் மேன்மேலும் அழுத்தவே, 1939-இல் அவர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சுமார் 24 ஆண்டுகள் அங்கேயே கழிந்தன. பிள்ளைகள் வெவ்வேறு இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர்.

பள்ளியில் மால்கம் கெட்டிக்கார மாணவர். வெள்ளையர் நிறைந்த வகுப்பில் மாணவர் தலைவராகத் தேர்வு பெற்றவர். வழக்கறிஞராக விரும்புவதாக ஒரு நாள் அவர் சொன்னபோது, கறுப்பினச் சிறுவனுக்கு அது பொருந்தாது, தச்சுவேலை பழகிக்கொள் என்று ஆசிரியர் ஒருவர் அறிவுரை கூறினார். அச்சொல் அவரது உள்ளத்தில் ஆறாத காயமாயிற்று. படிப்பில் அவருக்கிருந்த நாட்டம் அன்றோடு போயிற்று. 1941-இல் பாஸ்டன் நகரில் வாழ்ந்த மூத்த சகோதரி எல்லாவிடம் சென்றார். இவர் வேறொரு தாய்க்குப் பிறந்தவர். பிற்காலத்தில் ஒரு மகத்தான நற்காரியத்திற்கு அல்லாஹ் இவரைக் காரணமாக்கினான். அதைப் பின்னர் காண்போம்.

சிறைக்கூடமே கல்விக்கூடமானது

பாஸ்டனிலும் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியிலும் கழிந்த அடுத்த ஆண்டுகளை விரித்துரைக்க நாம் விரும்பவில்லை. காலணி துடைத்தல், ரயிலில் உணவு விற்றல் என்று தொடங்கிய வாழ்க்கை சூதாட்டத்திலும் போதைப்பொருள் விற்பனையிலும் திருட்டிலும் போய் முடிந்தது. 1946-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் கைதானார். எட்டு முதல் பத்தாண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அப்போது அவரது வயது 20.

சிறையில் பெம்ப்ரி என்ற மூத்த கைதி ஒருவர் இருந்தார். ஆழ்ந்த படிப்பாளி. அவர் பேசினால் காவலர்களும் நின்று கேட்பார்கள். கைவலிமையால் அல்லாமல் சொல்வலிமையால் மதிப்புப் பெற்ற ஒரு மனிதரை மால்கம் முதன்முதலாக அங்கேதான் கண்டார். அவரது தூண்டுதலால் நூலகத்தை நாடினார். படிக்க முயன்றபோது பல சொற்கள் விளங்கவில்லை. உடனே ஓர் அகராதியைக் கேட்டு வாங்கி, முதற்பக்கத்திலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் தம் கைப்படப் பார்த்து எழுதலானார். 1948-இல் மாற்றப்பட்ட நார்ஃபோக் சிறையில் பெரியதொரு நூலகம் இருந்தது. இரவு பத்து மணிக்கு விளக்கணைத்த பிறகும் அறைக்கு வெளியே இருந்த மங்கிய வெளிச்சத்தில் தரையில் அமர்ந்து படிப்பார். காவலரின் காலடியோசை கேட்டால் படுக்கைக்குத் தாவுவார். ஓசை அகன்றதும் மீண்டும் புத்தகத்திடம் வருவார்.

அந்நாளில் அவருடைய சகோதரர்கள் புதிதாக ஒரு கூட்டத்தில் சேர்ந்திருந்தனர். பன்றி இறைச்சியை உண்ணாதே, புகைக்காதே என்று சகோதரர் ரெஜினால்டிடமிருந்து கடிதம் வந்தது. மால்கம் அதன்படியே சிறை உணவில் வந்த பன்றி இறைச்சியைத் தொடாமல் அடுத்தவரிடம் தள்ளிவிட்டார். கைதிகளிடையே அது பெரும் பேச்சானது. வறுமையிலும் அவருடைய தாயார் எதை மறுத்தாரோ, அதையே மகனும் சிறையில் மறுத்தார். இறைவனின் ஏற்பாட்டை எண்ணி நாம் வியக்காமல் இருக்க முடியாது. பின்னர் முழந்தாளிட்டுப் பிரார்த்திக்க முனைந்தார். தவறுக்கு வருந்தி மண்டியிடுவது அவருக்கு எளிதாக வரவில்லை. ஒரு வாரகாலம் தம்மோடு தாமே போராடிய பின்னரே அவருடைய முழங்கால்கள் மடங்கின.

நேஷன் ஆஃப் இஸ்லாம்

இங்கே நாம் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்தக் கடமைப்பட்டுள்ளோம். அவர் சேர்ந்த நேஷன் ஆஃப் இஸ்லாம் என்னும் இயக்கம் பெயரில் இஸ்லாத்தைக் கொண்டிருந்ததே தவிர, கொள்கையில் இஸ்லாத்திற்கு முற்றிலும் மாறுபட்டது. 1930-இல் டெட்ராய்ட் நகரில் ஃபார்டு முஹம்மத் என்பவரால் தோற்றுவிக்கப்பட்டு, எலிஜா முஹம்மத் என்பவரால் வளர்க்கப்பட்டது. ஃபார்டை மனித உருவில் வந்த இறைவன் என்றும், எலிஜாவை இறைத்தூதர் என்றும், வெள்ளையர் அனைவரும் பிறவியிலேயே ஷைத்தான்கள் என்றும் அது போதித்தது. தௌஹீதுக்கும் இறுதி நபித்துவத்திற்கும் எதிரான இக்கொள்கைகளை முஸ்லிம்களில் எவரும் ஏற்க இயலாது.

அப்படியானால் ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் அதில் ஏன் சேர்ந்தார்கள்? மதுவையும் சூதையும் விபசாரத்தையும் விட்டொழிக்கச் சொன்னது அவ்வியக்கம். சுத்தமாக உடுத்தவும், சொந்தத் தொழில் செய்யவும், குடும்பத்தைக் காக்கவும் கற்பித்தது. சிறைவாசிகளைத் தேடிச் சென்று கடிதம் எழுதியது. மற்றவர்கள் கழித்துக்கட்டியவர்களை அது மனிதர்களாக மதித்தது. சரியான மார்க்கத்தை உடையவர்கள் செல்லாத இடங்களுக்குத் தவறான கொள்கையுடையவர்கள் சென்றார்கள் என்பதே அன்றைய உண்மை நிலை. இதைச் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

1952 ஆகஸ்டில் விடுதலையான அவர், லிட்டில் என்ற குடும்பப் பெயரைக் கைவிட்டார். அடிமை வணிகம் பறித்துக்கொண்ட, இனி அறியவே முடியாத ஆப்பிரிக்க மூதாதையரின் பெயருக்கு அடையாளமாக எக்ஸ் என்ற எழுத்தை ஏற்றார். 1954-இல் ஹார்லெமில் இருந்த 7-ஆம் எண் ஆலயத்தின் பொறுப்பாளரானார். அவரது நாவன்மையால் அவ்வியக்கம் நாடெங்கும் பரவியது. 1958 ஜனவரியில் பெட்டி என்ற பெண்மணியை மணந்தார். பின்னாளில் ஆறு பெண்மக்கள் பிறந்தனர்.

1957 ஏப்ரலில் ஹார்லெமில் காவலர்கள் ஜான்சன் ஹின்டன் என்ற இயக்க உறுப்பினரை அடித்து மண்டையைப் பிளந்து காவல் நிலையத்தில் அடைத்தார்கள். மால்கம் தம் ஆட்களை அந்நிலையத்தின் முன் அணிவகுத்து நிறுத்தினார். காயம்பட்டவருக்கு உரிய சிகிச்சை கிடைக்கும்வரை அங்கிருந்து நகர மறுத்தார். கோரிக்கை நிறைவேறியதும் கையால் ஒரு சைகை செய்தார். ஓசையின்றி அக்கூட்டம் கலைந்தது. ஒரு கல்கூட எறியப்படவில்லை. கட்டுப்பாடுடைய கூட்டத்தின் வலிமையை அன்று நியூயார்க் நகரம் கண்டுகொண்டது.

அக்காலத்தில் பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங் தென்மாநிலங்களில் அறவழிப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார். மால்கம் அவரைக் கடுமையாக விமர்சித்தார். அடிப்பவனை நேசிக்கச் சொல்வதை அவரால் ஏற்க முடியவில்லை. தற்காப்பு ஒவ்வொரு மனிதனின் உரிமை என்பது அவரது வாதம். ஆனால் அவர் அன்று வெள்ளையர் இனத்தையே பழித்தது அநீதி என்பதில் ஐயமில்லை. பிற்காலத்தில் அவரே அதைக் கைவிட்டார்.

உண்மை புலப்பட்டபோது

தாம் தந்தையைப் போல் மதித்த எலிஜாவின் தனிவாழ்க்கை, அவர் பிறருக்குப் போதித்த ஒழுக்கத்திற்கு மாறாக இருப்பதை 1963-இல் மால்கம் உறுதியாக அறிந்தார். எலிஜாவின் மகன் வாலஸே அதை அவருக்கு உறுதிப்படுத்தினார். அவ்வாண்டு நவம்பரில் அதிபர் கென்னடி கொல்லப்பட்டார். அமெரிக்கா வளர்த்த வன்முறையே அதனிடம் திரும்பி வந்தது என்ற பொருள்பட மால்கம் கூறிய கருத்து பெரும் கண்டனத்திற்குள்ளானது. இதைக் காரணம் காட்டி 90 நாட்கள் பேசக் கூடாது என்று இயக்கம் அவருக்குத் தடை விதித்தது.

1964 மார்ச் 8-ஆம் நாள் அவர் அவ்வியக்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். பன்னிரண்டு ஆண்டுகள் இரவுபகலாக உழைத்து வளர்த்த இயக்கம் அது. குடியிருந்த வீடும் இயக்கத்திற்குச் சொந்தமானது. கையில் சேமிப்பு என்று சொல்லத்தக்க ஒன்றும் இல்லை. மனைவியும் சிறு குழந்தைகளும் அவரை நம்பியிருந்தனர். நேற்றுவரை சகோதரர்களாக இருந்தவர்கள் இன்று பகைவர்களானார்கள். மௌனமாக இருந்திருந்தால் அவருக்குப் பதவியும் புகழும் நிலைத்திருக்கும். ஆனால் பொய் என்று அறிந்த ஒன்றை மக்களிடம் மெய் என்று சொல்ல அவரது மனம் இடம் தரவில்லை.

அல்லாஹ்வின் இல்லம் நோக்கி

ஹஜ் செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்குப் பிறந்தது. பணம் இல்லை. சகோதரி எல்லா, தாம் ஹஜ் செய்வதற்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தைத் தம்பியிடம் கொடுத்தார். தன் பயணத்தைத் தள்ளிவைத்துத் தம்பியைக் கஅபாவுக்கு அனுப்பிய அச்சகோதரியின் தியாகத்தை வரலாற்று நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. நாம் அவ்வாறு கடந்துவிடலாகாது.

1964 ஏப்ரல் 13-ஆம் நாள் அவர் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டார். நியூயார்க்கில் வாழ்ந்த எகிப்திய அறிஞர் டாக்டர் மஹ்மூத் யூசுஃப் ஷவார்பி அவருக்கு ஓர் அறிமுகக் கடிதமும், அரபு லீக்கின் முதல் பொதுச்செயலாளர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸாம் எழுதிய நூலொன்றும், அவருடைய மகனின் தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார். கெய்ரோவில் இஹ்ராம் உடை அணிந்தார். விமானத்தில் வெள்ளையர், கறுப்பர், பழுப்பு நிறத்தவர் அனைவரும் ஒரே உடையில் தல்பியா முழங்கினர்.

ஜித்தாவில் சோதனை காத்திருந்தது. அமெரிக்கக் கடவுச்சீட்டுடன் வந்த அவர் உண்மையில் முஸ்லிம்தானா என்ற ஐயம் அதிகாரிகளுக்கு எழுந்தது. கடவுச்சீட்டு வாங்கி வைக்கப்பட்டு, விமான நிலையத்தை அடுத்த விடுதியில் தங்கவைக்கப்பட்டார். மொழி தெரியாது. அறிமுகமானவர் எவருமில்லை. எல்லாவற்றிலும் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. நாடறிந்த முஸ்லிம் தலைவர் என்று பத்திரிகைகள் எழுதிய அவருக்குத் தொழத் தெரியவில்லை. சார்ந்திருந்த இயக்கம் முறையான தொழுகையை அவருக்குக் கற்பிக்கவே இல்லை.

அங்கிருந்த வழிகாட்டி ஒருவர் அவருக்கு உளூச் செய்து காட்டினார். நிலைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தார். நாற்காலியில் அமர்ந்தே பழகிய அவரது கணுக்கால்கள் மடங்க மறுத்தன. வழிகாட்டி சென்ற பிறகும் அவர் தனியே அதைப் பயின்றுகொண்டிருந்தார். அவ்விடுதியில் பல நாட்டு ஹாஜிகள் இருந்தனர். தொழத் தெரியாத இவரைக் கண்டு எவரும் முகம் சுளிக்கவில்லை. நீயெல்லாம் முஸ்லிமா என்று ஒருவரும் கேட்கவில்லை. உணவைப் பகிர்ந்தார்கள். விரிப்பில் இடம் கொடுத்தார்கள்.

மறுநாள் தம்மிடமிருந்த தொலைபேசி எண் நினைவுக்கு வர, அஸ்ஸாமின் மகன் உமரை அழைத்தார். அவர் உடனே விரைந்து வந்து அவரை அழைத்துச் சென்றார். தந்தையார் அஸ்ஸாம் தாம் தங்கியிருந்த விடுதி அறையையே விருந்தாளிக்கு ஒழித்துக் கொடுத்தார். அமெரிக்காவில் வாழ்ந்தால் வெள்ளையர் என்றே கருதப்படக்கூடிய தோற்றமுடையவர் அவர். இந்தக் கறுப்பின மனிதரிடம் அவருக்கு ஆகவேண்டிய காரியம் ஏதுமில்லை. வெள்ளையர் என்றாலே தீமை என்று பன்னிரண்டு ஆண்டுகள் மேடைதோறும் முழங்கியவரின் உள்ளத்தை எந்த வாதமும் மாற்றவில்லை. ஒரு முஸ்லிமின் விருந்தோம்பல் அதை மாற்றியது.

ஹஜ் நீதிமன்றம் அவரது ஈமானை விசாரித்து அனுமதி வழங்கியது. இளவரசர் ஃபைசல் அவரை அரசு விருந்தினராக ஏற்றார். ஹிஜ்ரி 1383-ஆம் ஆண்டின் ஹஜ்ஜில் அவர் கஅபாவை வலம் வந்தார், ஸஃபா மர்வாவுக்கிடையே ஓடினார், அரஃபாவில் நின்றார், முஸ்தலிஃபாவில் வானத்தின் கீழ் இரவைக் கழித்தார். அங்கிருந்து தம் நண்பர்களுக்கும் துணைவர்களுக்கும் கடிதங்கள் எழுதினார். நீலக் கண்களும் வெளிறிய தோலும் கொண்டவர்களுடன் ஒரே தட்டில் உண்டதையும், ஒரே விரிப்பில் உறங்கியதையும், ஒரே இறைவனைத் தொழுததையும் அவற்றில் தெரிவித்தார். இனவெறி நோயினின்று அமெரிக்கா மீள வேண்டுமாயின் இஸ்லாத்தை அது அறிந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதினார். தம் பழைய கருத்துகளில் பலவற்றை விட்டுவிட நேர்ந்ததையும் மறைக்காமல் குறிப்பிட்டார்.

அவர் கண்மூடிப் புகழ்ந்தவரும் அல்லர். ஒரே நாட்டவர், ஒரே நிறத்தவர் பெரும்பாலும் ஒன்றாகக் கூடி அமர்வதையும் அவர் கவனித்தார். ஆனால் அதில் உயர்வு தாழ்வு இல்லை, இயல்பான நெருக்கமே உள்ளது என்று உணர்ந்தார். அரபியருக்கு அரபியரல்லாதார் மீதோ, வெள்ளையருக்குக் கறுப்பர் மீதோ இறையச்சத்தாலன்றி வேறெதனாலும் சிறப்பில்லை என்பது நாயகம் (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜில் அறிவித்த நெறி. பிலால் (ரலி) அவர்களை மக்கா வெற்றியின்போது கஅபாவின் மீது ஏறி பாங்கு சொல்லச் செய்த மார்க்கம் இது. அந்நெறியை ஏட்டில் படிப்பதற்கு முன்பே அரஃபா மைதானத்தில் கண்ணால் கண்டவர் மாலிக் அல்-ஷபாஸ்.

திரும்பிய பின்

ஹஜ்ஜுக்குப்பின் லெபனான், நைஜீரியா, கானா முதலிய நாடுகளுக்குச் சென்று மே 21-இல் நியூயார்க் திரும்பினார். கானாவின் தலைநகர் அக்ராவில் ஒரு வேதனை நிகழ்ந்தது. அவரால் அவ்வியக்கத்திற்கு ஈர்க்கப்பட்ட குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியை அங்கே சந்தித்தார். எலிஜாவின் பக்கமே நின்ற அலி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சென்றுவிட்டார். அலி பிற்காலத்தில் தாமும் நேரிய இஸ்லாத்திற்கு வந்தார். தம் வாழ்வில் மிகவும் வருந்திய தவறுகளுள் ஒன்றாக அன்றைய செயலைக் குறிப்பிட்டார்.

அமெரிக்கக் கறுப்பர்களின் பிரச்சினை ஒரு நாட்டின் குடியுரிமைப் பிரச்சினை மட்டுமன்று, அது மனித உரிமைப் பிரச்சினை, ஆகவே ஐக்கிய நாடுகள் சபையில் அது முறையிடப்பட வேண்டும் என்பது அவரது புதிய நிலைப்பாடு. 1964 ஜூலையில் கெய்ரோவில் கூடிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் மாநாட்டில் அந்நாட்டுத் தலைவர்களிடம் இதற்காக ஒரு மனு அளித்தார். செப்டம்பரில் காஸாவுக்குச் சென்று பாலஸ்தீன அகதிகளைச் சந்தித்தார். அவ்வாண்டின் பெரும்பகுதியை ஆப்பிரிக்காவிலும் அரபு நாடுகளிலும் கழித்தார்.

கிங்குடனான அணுகுமுறையும் மாறியது. இருவரும் நேரில் சந்தித்தது 1964 மார்ச் 26-இல் வாஷிங்டனில் ஒரே ஒரு முறைதான். 1965 பிப்ரவரி 4-இல் கிங் சிறையிலிருந்தபோது அலபாமா மாநிலத்தின் செல்மா நகருக்கு மாலிக் சென்றார். கிங்கின் மனைவியைச் சந்தித்து, தாம் இடையூறு செய்ய வரவில்லை, உதவவே வந்ததாகத் தெரிவித்தார். வழிமுறையில் கருத்து வேறுபாடு இருந்தபோதும் ஒடுக்கப்பட்டோரின் நன்மையில் ஒன்றுபடலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இறுதி நாட்களும் ஜனாஸாவும்

பழைய இயக்கம் வழக்குத் தொடுத்து வீட்டைக் காலி செய்யுமாறு தீர்ப்புப் பெற்றது. கொலை மிரட்டல்கள் அன்றாடம் வந்தன. 1965 பிப்ரவரி 14-ஆம் நாள் அதிகாலை, குடும்பத்தார் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் வீட்டின் மீது தீக்குண்டுகள் வீசப்பட்டன. கருவுற்றிருந்த மனைவியுடனும் நான்கு பெண்குழந்தைகளுடனும் உயிர் தப்பினார்.

ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 21, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நியூயார்க்கின் ஆடுபான் அரங்கில் பேச எழுந்தார். கூடியிருந்தோருக்கு ஸலாம் உரைத்தார். பதில் ஸலாம் வந்தது. அதற்கடுத்த நொடிகளில் அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது. துப்பாக்கிகள் வெடித்தன. மனைவியும் மக்களும் பார்த்திருக்க அவர் சாய்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவர் இறந்து சில மாதங்களில் இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்தன.

இறுதிச் சடங்கிற்கு இடம் கிடைப்பதே அரிதாயிற்று. குண்டு வீசப்படும் என்ற அச்சத்தால் பலர் மறுத்தனர். இறுதியில் ஹார்லெமிலிருந்த ஒரு கிறிஸ்தவ ஆலயத்தார் துணிந்து தம் கதவைத் திறந்தார்கள். சூடான் நாட்டு மார்க்க அறிஞர் ஷெய்க் அஹ்மத் ஹஸ்ஸூன் மய்யித்தைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டார். பிப்ரவரி 27-இல் நியூயார்க்கை அடுத்த ஃபெர்ன்கிளிஃப் அடக்கத்தலத்தில் நல்லடக்கம் நடந்தது. கூலியாட்கள் மண் தள்ளக் காத்திருந்தபோது, தோழர்கள் மண்வெட்டிகளைத் தாங்களே வாங்கி அந்தக் கப்ரை மூடினார்கள்.

இக்கொலை வழக்கில் மற்றோர் அநீதியும் நிகழ்ந்தது. அவ்விடத்திலேயே பிடிபட்ட ஒருவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார். உடன் குற்றம் சாட்டப்பட்ட முஹம்மத் அஸீஸ், கலீல் இஸ்லாம் என்ற இருவரும் குற்றமற்றவர்கள் என்று அவரே நீதிமன்றத்தில் கூறினார். ஆயினும் 1966-இல் மூவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவ்விருவரும் சுமார் இருபதாண்டுகள் சிறையில் கழித்தனர். அவர்களுக்குச் சாதகமான சான்றுகளைப் புலனாய்வுத் துறையும் காவல்துறையும் வெளிப்படுத்தாமல் வைத்திருந்தது பின்னர் தெரியவந்தது. 2021 நவம்பரில் நீதிமன்றம் அவர்கள் மீதான தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் கலீல் இஸ்லாம் 2009-இலேயே காலமாகிவிட்டார்.

அவர் விட்டுச் சென்றவை

அவர் ஒரு சொத்தும் விட்டுச் செல்லவில்லை. அலெக்ஸ் ஹேலி என்ற எழுத்தாளரிடம் அவர் சொல்லி எழுதுவித்த தன்வரலாறு 1965-இல் வெளிவந்தது. பல சிறைச்சாலைகளில் கைதிகள் அதைப் படித்து இஸ்லாத்தை அறிந்தனர். மனைவி பெட்டி ஷபாஸ் கணவர் இறந்த அவ்வாண்டே ஹஜ் செய்தார். ஆறு பெண்மக்களையும் வளர்த்துக்கொண்டே படித்து 1975-இல் முனைவர் பட்டம் பெற்றார், கல்லூரியில் பணியாற்றினார். 1997-இல் அவர் காலமானார்.

எல்லாவற்றிலும் பெரிய விளைவு 1975-இல் நிகழ்ந்தது. எலிஜா மறைந்தபின் தலைமைக்கு வந்த அவரது மகன் வாலஸ், பின்னாளில் இமாம் வாரிஸுத்தீன் முஹம்மத் என அறியப்பட்டவர், தந்தையின் தவறான கொள்கைகளைக் களைந்து, அம்மக்களை ஐவேளைத் தொழுகைக்கும் ரமலான் நோன்புக்கும் நாயகம் (ஸல்) அவர்களின் வழிமுறைக்கும் அழைத்துவந்தார். பழைய கொள்கையைப் புதுப்பித்த ஒரு பிரிவு பின்னர் தோன்றியதாயினும், பெரும் எண்ணிக்கையிலானோர் நேர்வழியில் நிலைத்தனர். மாலிக் ஷபாஸ் பல்லாண்டுகள் பொறுப்பு வகித்து, பின் வெளியேறிய அதே ஹார்லெம் ஆலயத்திற்கு 1976-இல் மஸ்ஜித் மால்கம் ஷபாஸ் என்று பெயர் சூட்டப்பட்டது. எதற்காக அவர் துரத்தப்பட்டாரோ, அந்த உண்மையை அவர் மறைந்து பதினோரு ஆண்டுகளில் அந்த இல்லமே ஏற்றுக்கொண்டது.

நமக்குரிய படிப்பினை

கண்ணியமிக்க ஜமாஅத்தார்களே! இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, இஸ்லாத்தில் நிறபேதம் இல்லை என்று பெருமைகொள்வது எளிது. அது உண்மையும்கூட. ஆனால் ஜித்தாவின் விடுதியில் அந்த ஹாஜிகள் நடந்துகொண்ட விதம்தான் அந்த உண்மைக்குச் சாட்சியாக அமைந்தது. அன்று அவர்களுள் ஒருவர் அவரது தொழுகையைப் பரிகசித்திருந்தால், அஸ்ஸாம் அறை கொடுக்கத் தயங்கியிருந்தால், அவர் எந்த மனநிலையுடன் ஊர் திரும்பியிருப்பார்?

தொழத் தெரியாத ஒருவர், சிறையிலிருந்து வந்த ஒருவர், புதிதாகக் கலிமா சொன்ன ஒருவர் நம் பள்ளிவாசலின் படியேறினால் அவருக்கு எந்த ஸஃப்பில் இடம் கிடைக்கும்? அவரது தக்பீரைத் திருத்துவதற்கு முன் அவரது பெயரைக் கேட்டு, கைகொடுத்து, பக்கத்தில் நிறுத்திக்கொள்வோமா? அவருடைய குடும்பத்துடன் சம்பந்தம் பேச முன்வருவோமா? அவரது பூர்வீகத்தை விசாரித்து ஒதுக்குவோமா? இக்கேள்விகளுக்கு நிர்வாகிகள் மட்டும் பதில் சொன்னால் போதாது. ஒவ்வொரு வீட்டிலும் பதில் இருக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓர் ஆசிரியரின் சொல் ஒரு சிறுவனைத் தெருவுக்குத் தள்ளியது. ஒரு கைதியின் சொல் அவரை நூலகத்திற்கு அழைத்துச் சென்றது. நம் மக்களின் கனவுகளைக் கேட்கும்போது நாம் சொல்லும் சொற்களில் கவனம் வேண்டும். வழிதவறிய இளைஞர்களைப் பற்றி இனி இவன் தேறமாட்டான் என்று தீர்ப்பெழுதும் உரிமை நமக்கு இல்லை. இதயங்களைப் புரட்டுபவன் அல்லாஹ் ஒருவனே.

உண்மையை அறிந்தபின் அதன்பால் திரும்பவும், நம்மை நாடி வருவோரைக் கண்ணியத்துடன் ஏற்கவும், குலம், நிறம், செல்வம் ஆகியவற்றால் மனிதர்களை அளக்காதிருக்கவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! அல்-ஹாஜ் மாலிக் அல்-ஷபாஸ் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவரது கப்ரை விசாலமாக்கி, நல்லடியார்களின் கூட்டத்தில் அவரைச் சேர்த்தருள்வானாக! ஆமீன்.